கேக்கிறவங்க நம்ம வாசலுக்கு வரட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்குப் பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க. கறவை மாடு, தையல், ஊறுகாய் பத்தி எல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே சொல்லிட்டாங்க. நான் பேசப் போறது கதை சொல்லிச் சம்பாதிக்கிறதைப் பத்தி. சிரிக்காதீங்க. போன மாசக் கூட்டத்துலயும் இதே மாதிரிதான் சிரிச்சீங்க. "கதைக்கு எவடி காசு குடுப்பா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. நாம வாரம் தவறாம சேமிப்பு கட்டுறவங்க, எந்தப் பணம் எங்கேர்ந்து வரும்னு கேக்காம இருக்க முடியாது. அதனால பதிலைத் தேடிக்கிட்டு வந்திருக்கேன்.

நம்ம ஜனங்க கதைக்கு எப்பவுமே கூலி குடுத்திருக்காங்க. என் சித்தப்பா முப்பது வருஷம் தெருக்கூத்து ஆடினவர். கட்டியங்காரன் வேஷம். கூத்துல ராஜா வர்றதுக்கு முன்னாடி வந்து, ஊரைச் சிரிக்க வச்சு, கதையை எடுத்துக் குடுக்கிறது கட்டியங்காரன்தான்னு உங்களுக்குத் தெரியும். திரௌபதி அம்மன் திருவிழான்னா ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் நடக்கும். பணம், நெல்லு, வேட்டி துண்டுன்னு ஊர் சேர்ந்து குடுக்கும். இப்போ திருவிழாவுக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கிறாங்க, கூத்து வச்சா பாதி ராத்திரியில கூட்டம் கலைஞ்சு போயிடுது. சித்தப்பாவுக்கு முட்டி தேய்ஞ்சு போச்சு. நூறு நாள் வேலைக்குப் போறார். ஆனா வேலை நடக்கிற இடத்துல அவர் வாயைத் திறந்தா மம்பட்டி எல்லாம் நின்னு போயிடும்னு மேற்பார்வை பாக்கிற பொண்ணு எங்கிட்ட புகார் சொல்லுது! ஆட முடியாதவருக்குச் சொல்ல முடியுது. அந்தச் சொல்லுக்கு விலை இருக்கான்னுதான் நான் யோசிக்க ஆரம்பிச்சேன்.

யோசிக்க வச்சது ஒரு வங்காளத்துப் பொம்பளை. எங்க குழு முந்திரிப்பருப்பு எடுத்துக்கிட்டு சென்னைக்கு சரஸ் கண்காட்சிக்குப் போயிருந்தப்ப பக்கத்துக் கடையில அவங்க இருந்தாங்க. கடையில பெருசா ஒண்ணும் இல்ல, சுருட்டி வச்ச காகிதம்தான். ஒருத்தர் வந்து நின்னா அந்தச் சுருளை எடுத்து மேலேர்ந்து கீழே மெதுவா அவிழ்த்துக்கிட்டே, ஒவ்வொரு கட்டத்துப் படத்தையும் விரலால தொட்டுக் காட்டிப் பாடுவாங்க. பாம்பு கடிச்சு செத்துப்போன புருஷனை தெப்பத்துல போட்டுக்கிட்டு, அவன் உயிரைத் திருப்பி வாங்க ஆத்தோட போன பெஹுலாங்கிற பொண்ணோட கதை. எனக்கு பாஷை ஒரு வார்த்தை புரியல. ஆனா கண்ணு கலங்கிடுச்சு. நம்ம சாவித்திரி கதைதான், ஆனா இதுல பாம்புத் தெய்வம் மானசாவே நேர்ல நின்னு வம்பு பண்ணும்.

அவங்க ஊர் பேரு நயா. மேற்கு வங்காளத்துல மேற்கு மேதினிபூர் மாவட்டம், பிங்லா ஒன்றியத்துல இருக்கிற ஒரு சின்னக் கிராமம். கல்கத்தாவுலேர்ந்து ரயில்ல வந்து பாலிசக் ஸ்டேஷன்ல இறங்கி, அங்கேர்ந்து ரோட்டு வழியா போகணும். அங்கே இருக்கிறவங்களுக்குப் பட்டுவான்னு பேரு. பேருக்குப் பின்னாடி எல்லாரும் சித்ரகார்னு போட்டுக்குவாங்க. தொழுகை பண்றது அல்லாவை, பாடுறது ராமாயணம், மானசா, துர்க்கை கதையை. இதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டியதில்ல. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சாமி கிள்ளைக்குக் கடலாடப் போகும்போது அங்கே முஸ்லிம் ஜனங்க வரவேற்று மரியாதை பண்றதை நாம பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்.

முன்னாடி எல்லாம் பட்டுவா ஆம்பளைங்க படச்சுருளை ஒரு பையில போட்டுக்கிட்டு ஊர் ஊரா, வீடு வீடா போவாங்க. வாசல்ல நின்னு படத்தைக் காட்டிப் பாடுவாங்க. வீட்டுக்காரங்க அரிசியோ காசோ போடுவாங்க. சினிமா வந்துது, டிவி வந்துது, வாசல்ல பாட்டுக் கேக்க ஆள் இல்ல. கலைஞருங்க கூலி வேலைக்குப் போனாங்க. நம்ம கூத்துக்காரங்க கதையேதான்.

இந்த இடத்துலதான் நீங்க காது குடுத்துக் கேக்கணும். அந்தக் காலத்துல பொம்பளைங்க வெளியில போய்ப் பாடினதில்ல. வீட்டுல உக்காந்து வண்ணம் அரைச்சுக் குடுத்தாங்க, அவ்வளவுதான். துக்குஷ்யாம் சித்ரகார்னு ஒரு பெரியவர், நல்ல பாடகர். அவர்தான் ஊர்ப் பொம்பளைங்களுக்கும் வரையறதுக்கும் பாடறதுக்கும் சொல்லிக் குடுத்தார். அவங்க சேர்ந்து நம்மள மாதிரியே ஒரு மகளிர் சங்கமும் வச்சாங்க. அமெரிக்காவுலேர்ந்து வந்த பேராசிரியருங்க அந்தப் பொம்பளைங்களைப் பத்தி ஒரு படமே எடுத்திருக்காங்க, 2005-ல வெளிவந்தது. ஸ்வர்ணா சித்ரகார்னு ஒருத்தங்க இப்போ பல நாடு போய் வந்தவங்க. பழைய சாமிக் கதை மட்டும் இல்லாம, வரதட்சணை, எய்ட்ஸ், சுனாமின்னு நாட்டுல நடக்கிற விஷயத்துக்கும் புதுசா படம் வரைஞ்சு புதுப்பாட்டு கட்டினாங்க அந்த ஊர்க்காரங்க. நியூயார்க்குல ரெட்டைக் கோபுரம் இடிஞ்சதுக்குக்கூட ஒரு சுருள் இருக்கு!

அப்புறம்தான் ஊருக்கே ஜனங்க வர ஆரம்பிச்சது. கல்கத்தாவுல 'பாங்ளாநாடக் டாட் காம்'னு ஒரு நிறுவனம், அவங்களோட சேர்ந்து 2010-லேர்ந்து வருஷா வருஷம் நவம்பர்ல 'போட் மாயா'ன்னு மூணு நாள் திருவிழா நடத்துறாங்க. வீட்டுச் சுவரு முழுக்கப் படம். வர்றவங்க ஒவ்வொரு வீட்டு வாசலா போறாங்க. வாசல்ல பாய் விரிச்சு சுருளை அவிழ்த்துப் பாட்டு. சங்குப்பூவுல நீலம் எடுக்கிறது, மஞ்சள்ல மஞ்சள் எடுக்கிறது, அவரை இலையில பச்சை, விளக்குக் கரியில கருப்பு, வில்வப் பழத்துப் பிசினைக் கலந்து வண்ணத்தை ஒட்ட வைக்கிறது, காகிதத்துக்குப் பின்னாடி பழைய சேலைத் துணியை ஒட்டி கிழியாம பண்றது, எல்லாத்தையும் வந்தவங்களை உக்கார வச்சுக் காட்டுறாங்க. நான் இதைக் கேட்டதும் நினைச்சேன், சங்குப்பூ நம்ம வேலியில கிடக்குது, அதை நாம என்னைக்குத் திரும்பிப் பாத்தோம்?

இதுல நான் பிடிச்சுக்கிட்ட விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். கதை சொல்றவங்க வீடு வீடா போன காலத்துல ஆம்பளை மட்டும்தான் போக முடிஞ்சுது. கேக்கிறவங்க வாசலுக்கு வந்த பிறகு, வீட்டுல அடுப்பு பாத்துக்கிட்டு புள்ளைய வச்சுக்கிட்டு இருக்கிறவளும் கதை சொல்லி சம்பாதிக்க முடியுது. எங்க வீட்டுல என்னை ராத்திரிக் கூத்துக்கு அனுப்புவாங்களா? மாட்டாங்க. வீட்டு வாசல்ல பத்து பேருக்குக் கதை சொல்றேன்னா, "டீ போடட்டுமா"ன்னு என் மாமியாரே கேப்பாங்க.

சரி, நம்ம ஊருக்கு யார் வருவாங்க? இதுதான் அடுத்த கேள்வி. ஏற்கெனவே வர்றாங்க அக்கா. நம்ம கருவேப்பிலங்குறிச்சி வழியா ஜெயங்கொண்டம் போற கார் எல்லாம் எங்கே போகுதுன்னு நினைக்கிறீங்க? பாதி கங்கைகொண்ட சோழபுரத்துக்கு. 2004-ல அந்தக் கோயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. அந்தக் கார்க்காரங்க நம்ம முக்கூட்டுல நிறுத்தி டீ குடிச்சுட்டுப் போயிடுறாங்க. விருத்தாசலம் பெரிய ரயில் ஜங்ஷன், அங்கே இறங்கி பழமலைநாதர் கோயிலுக்கு வர்றவங்க சாமி கும்பிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறாங்க. அவங்களுக்குக் கோபுரம் தெரியுது, கதை தெரியல. சொல்ல ஆள் இல்ல.

கதை என்ன கொஞ்சமாவா இருக்கு? இந்தக் கோயில்ல கோபுரம் அஞ்சு, பிராகாரம் அஞ்சு, கொடிமரம் அஞ்சு, தேர் அஞ்சுன்னு எண்ணிக்கிட்டே சுத்தலாம், கூட வர்ற சின்னப் பசங்களுக்கு அதுவே விளையாட்டு. கோயில் கட்டினப்ப விபசித்து முனிவர் வேலைக்காரங்களுக்குக் கூலியா வன்னி மரத்து இலையைக் குடுத்தாராம். உழைச்ச அளவுக்கு அந்த இலை பொன்னா மாறுமாம். வேலை செய்யாம நின்னவனுக்கு இலை இலையாவே இருக்கும். நூறு நாள் வேலையில அளவு எடுக்கும்போது சித்தப்பா இந்தக் கதையைத்தான் எடுத்து விடுவார்.

சுந்தரர் கதை எல்லாருக்கும் பாதி தெரியும். பன்னிரண்டாயிரம் பொன்னை இங்கே மணிமுத்தாத்துல போட்டுட்டு திருவாரூர் குளத்துல எடுத்தார். ஆத்துல போட்டுக் குளத்துல தேடறதுன்னு நாம சொல்றோமே, அந்தச் சொல்லு நம்ம ஆத்தங்கரையில பொறந்தது. பாதி பேருக்குத் தெரியாதது என்னன்னா, அதே சுந்தரர் முதல்ல இந்த ஊரைப் பாடாம தாண்டிப் போகப் பாத்தார். ஊரும் பழசு, சாமியும் கிழவன்னு நினைச்சாராம். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் வேடனா வந்து அவர்கிட்ட இருந்ததை வழிப்பறி பண்ணித் திரும்ப வர வச்சார்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. அந்தக் கொளஞ்சியப்பர்கிட்டதான் நாம இன்னைக்கும் காகிதத்துல எழுதிப் பிராது கட்டுறோம். வழிப்பறி பண்ணின சாமிகிட்டயே பிராது குடுக்கிறோம்னு சித்தப்பா ஒரு போடு போடுவார் பாருங்க, சிரிச்சு வயிறு வலிக்கும். காரியம் முடிஞ்சா பிராதை ராஜினாமா பண்ணவும் மறக்கக் கூடாது.

எனக்குப் பிடிச்சது அம்மன் கதை. குரு நமசிவாயர்ங்கிற துறவி பசியோட வந்து, விருத்தாம்பிகையை "கிழவி, சோறு கொண்டு வா"ங்கிற மாதிரி பாடினாராம். அம்மன் கிழவி உருவத்துலயே வந்து, "கிழவின்னு கூப்பிட்டா, நடக்க முடியாத கிழவி எப்படிப்பா சோறு தூக்கிட்டு வருவா?"ன்னு கேட்டாளாம். அப்புறம் அவர் இளமையா வச்சுப் பாடினதும் சின்னப் பொண்ணா வந்து சோறு போட்டாளாம். அதான் பாலாம்பிகை. இந்தக் கதையை ஆம்பளை சொன்னா அது ஒரு அதிசயம். நம்ம ராசாத்தி அக்கா மாதிரி அறுபது வயசுல ரேஷன் கடையில "ஏ கிழவி, தள்ளி நில்லு"ன்னு கேட்டுட்டு வந்தவங்க சொன்னா அந்தக் கேள்வியில எவ்வளவு சூடு இருக்கும்! நான் அவங்களையே சொல்லச் சொல்லிக் கேட்டேன். சித்தப்பாவே வாயடைச்சுப் போயிட்டார்.

இதெல்லாம் புதுசா நான் கண்டுபிடிச்ச தொழில் இல்ல. சென்னையில 'ஸ்டோரி டிரெயில்ஸ்'னு ஒரு நிறுவனம் 2007-லேர்ந்து மயிலாப்பூர் மாதிரி தெருக்கள்ல ஜனங்களை நடக்க வச்சுக் கதை சொல்றதையே தொழிலா நடத்துது. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல ராஜகோபால்னு ஒரு கூத்துக் கலைஞர், சின்ன வயசுலேயே ஆட வந்தவர், 2002-லேர்ந்து 2020 வரைக்கும் கட்டைக்கூத்து குருகுலம் நடத்தினார். பள்ளிப் படிப்போட கூத்தும். ஆம்பளைங்க மட்டுமே ஆடின கூத்துல அங்கே பொம்பளைப் புள்ளைங்களும் கிரீடம் கட்டி ஆடினாங்க. அதைப் பாத்துட்டு இனிமே யாரும் எங்கிட்ட "பொட்டச்சிக்கு எதுக்குக் கூத்து"ன்னு சொல்ல முடியாது.

ஆனா பயமும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி வெளியூர்லேர்ந்து ஒரு ஏற்பாட்டுக்காரர் வந்தார். பேரு வேண்டாம். ஓட்டல்ல தங்கியிருக்கிற விருந்தாளிங்களுக்குக் கூத்து காட்டணும்னு சித்தப்பாவையும் நாலு பேரையும் வேன்ல கூட்டிட்டுப் போனார். ஆளுக்கு ஆயிரம்னு பேச்சு. முழுக் கதை வேண்டாம், பதினஞ்சு நிமிஷம் குதிச்சாப் போதும்னுட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்க நடுவுல ஆடி முடிச்சதும், ஆளுக்கு இருநூத்தம்பதும் பிரியாணிப் பொட்டலமும் குடுத்து அனுப்பிட்டாங்க. சித்தப்பா காசைப் பத்தி ஒண்ணும் சொல்லல. "யாருமே கேக்கலடா"ன்னுதான் ரெண்டு நாள் சொல்லிக்கிட்டு இருந்தார்.

நயாவுலயும் இந்தத் தொல்லை உண்டு. சுத்திப் பாக்க வர்றவங்க அவசரமா படத்தை வாங்குறாங்க, பாட்டைக் கேக்க நிக்கிறதில்ல. அதனால சின்னச் சின்னப் படம், பனியன் துணி, குடை, கெட்டில்னு வரைஞ்சு விக்கிறாங்க. வருமானத்துக்கு அது வேணும், நான் குறை சொல்லல. ஆனா நீளச் சுருளும் நீளப் பாட்டும் குறைஞ்சா, அப்புறம் அது பட்டுவா ஊரு எதுக்கு? அதனால நான் எழுதிக் குடுத்திருக்கிற திட்டத்துல முதல் நிபந்தனையே இதுதான்: கதையை பாதியில நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. நேரம் இல்லாதவங்க ரெண்டு கதை கேக்கட்டும், ஆனா ரெண்டையும் முழுசா கேக்கட்டும்.

இப்போ கணக்கு. பத்து பேர் கொண்ட ஒரு கூட்டம், தலைக்கு 400 ரூபாய், மொத்தம் 4000. காலையில விருத்தாசலத்துல கோயிலுக்கு வெளியே ஆரம்பிக்கிறோம். ஆழத்துப் பிள்ளையார், ஆத்தங்கரை, அப்புறம் வேன்ல மணவாளநல்லூர், மத்தியானம் நம்ம ஊர்ல சாப்பாடு, வாசல்ல கதை. கோயிலுக்குள்ள நாம கடை விரிக்கப் போறதில்ல, உள்ளே அவங்கவங்க சாமி கும்பிடட்டும், கதை எல்லாம் வெளியே. அந்த 4000-ல கதை சொல்ற ரெண்டு பேருக்கு தலா 700, ஆக 1400. சாப்பாடு சமைக்கிற குழுவுக்கு 1000. வண்டிக்கு 800. வேஷம் கட்ட முடியாம வீட்டுல இருக்கிற கூத்துக் கலைஞருங்களுக்குன்னு தனியா 400. கூட்டமைப்புக் கணக்குல 400. கம்மங்கூழு, மோர் மிளகாய், வறுத்த மல்லாட்டைன்னு சாப்பாடு நம்ம சாப்பாடா இருந்தா ஆயிரத்துல நல்லாவே செய்யலாம். காசு அன்னைக்கே கையில, ரசீதோட. மாசத்துக்கு நாலு கூட்டம் வந்தா கதை சொல்றவளுக்கு 2800. மாடு குடுக்கிறதை விடக் கம்மிதான். ஆனா தீவனம் வாங்க வேண்டியதில்ல.

பீங்கான் தொழிற்பேட்டையையும் சேர்க்கலாம்னு பொருளாளர் அக்கா சொன்னாங்க. அது நல்ல யோசனை. அங்கே பொம்மை வேலைக்குப் போற நம்ம உறுப்பினருங்க இருக்காங்க. அச்சுல களிமண் ஊத்தறது, சூளையில வேகறது எல்லாம் வெளியூர்க்காரங்களுக்குக் காணாத காட்சி. பெஹுலாவுக்குச் சுருள் மாதிரி, சோறு தூக்கிட்டு வர்ற பாலாம்பிகைக்கு ஒரு சின்னப் பீங்கான் பொம்மை பண்ணி, கதை கேட்டவங்களுக்கு மட்டும் விக்கலாம். கேக்காம வாங்க வர்றவங்களுக்குக் கிடையாது. இது என் பிடிவாதம், வேணும்னா ஓட்டுப் போட்டு மாத்திக்குங்க.

கூட்டமைப்புகிட்ட நான் கேக்கிறது பெரிய கடன் இல்ல. ஒரு சின்ன ஒலிபெருக்கி, பதினஞ்சு பாய், தண்ணிக் கேன், ஒரு அறிவிப்புப் பலகை, ரெண்டு மாசத்து வண்டி வாடகை முன்பணம். எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் உள்கடனா வேணும், ஆறு மாசத்துல திருப்பிடுறோம். எட்டு பேர் பேர் குடுத்திருக்காங்க. சித்தப்பா வாரம் ரெண்டு நாள் சாயங்காலம் எங்க வீட்டு வாசல்ல சொல்லிக் குடுக்க ஒத்துக்கிட்டார். எப்படி நிறுத்திப் பேசறது, எங்கே குரலை இறக்கறது, சின்னப் புள்ள அழுதா கதையை விடாம எப்படிச் சமாளிக்கறது எல்லாம். அவரை நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்துல சேர்க்க இன்னும் மனு போடல, அதையும் இந்த மாசமே கூட்டமைப்பு எழுத்தர் எழுதிக் குடுக்கணும். வயசுக்குச் சான்று, புகைப்படம் எல்லாம் நான் தயார் பண்ணிட்டேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு ஒத்திகை வச்சிருக்கோம். வெளியாளுங்க இல்ல, நீங்கதான் விருந்தாளி. காலையில ஏழு மணிக்கு முக்கூட்டு பஸ் நிறுத்தத்துல வந்துடுங்க. காசு வேண்டாம், ஆனா முடிஞ்சதும் எந்தக் கதையில தூக்கம் வந்துதுன்னு முகத்துக்கு நேரா சொல்லணும். வெயில் இருக்கும், குடை எடுத்துட்டு வாங்க. போன மாசம் சிரிச்ச அக்காவுக்கு முன் வரிசையில இடம் போட்டு வச்சிருக்கேன்.